கறுப்பிலிருந்து வரவேண்டிய மிஸ்டு கால்

விலை குறைந்த ஃபோன் வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் கேமராவைத்தான் கேட்கிறார்கள். அது தப்பு சார். கேட்கவேண்டியது இரண்டே விஷயம். வேலை வாங்கினால் திணறாமல் ஓடுமா, வீட்டுக்குத் திரும்பும்வரை சார்ஜ் நிற்குமா. மற்றதெல்லாம் பெட்டிமேல் ஒட்டிய பளபளப்பு.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஃபோன்கள் இரண்டு. கிட்டத்தட்ட ஒரே விலை. ஒன்று நீலம், ஒன்று கறுப்பு. என் சேனலிலும் நான் அப்படித்தான் சொல்லுவேன், கம்பெனிப் பெயரைச் சொன்னால் பார்க்கிறவர்கள் உடனே கட்சி கட்டிவிடுவார்கள். நீலம் வேகக்காரன். நாலைந்து ஆப்பைத் திறந்து வைத்துவிட்டு கேமுக்குள் போனாலும் மூச்சு வாங்காது, உள்ளங்கைதான் பொசுங்கும். கறுப்பு சாது. எதைத் தொட்டாலும் ஆற அமர யோசித்துத்தான் திறக்கும், ஆனால் சூடேறாது. வேகமாக ஓடுகிறவன் சீக்கிரம் களைத்துவிடுவான், ஆகவே பேட்டரியில் கறுப்புதான் ஜெயிக்கும் என்று நான் முதலிலேயே நினைத்திருந்தேன். நினைப்பு வேறு, டெஸ்ட் வேறு. அதனால்தான் டெஸ்ட் பண்ணுகிறோம்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். உறைந்த மீனும் கறியும் அடுக்கும் குளிர்கிடங்கில் நான் கதவு ஆள். மாமா, அதாவது என் அக்கா வீட்டுக்காரர், உள் ஆள். என்னை அங்கே சேர்த்துவிட்டதே அவர்தான். பெரிய அறைக் கதவின் உள்பக்கக் கைப்பிடி உடைந்து ரொம்ப நாளாகிறது. மேனேஜரிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். ஆகவே எங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். உள்ளே போனவர் வேலை முடிந்ததும் கதவோரம் வந்து நிற்பார், அங்கேதான் சிக்னல் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். வெளியே இருக்கிறவருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். வெளியே இருக்கிறவர் எடுக்கக்கூடாது, கட் பண்ணவேண்டும். கட் பண்ணினால் ‘பார்த்துட்டேன், வர்றேன்’ என்று அர்த்தம். ஒருநாளும் தவறியதில்லை.

மாமாவுக்கு இழுப்பு உண்டு. குளிரில் கொஞ்சம் அதிகம் நின்றால் நெஞ்சு விசில் அடிக்க ஆரம்பித்துவிடும். எனக்குத் தெரியாதா என்று கேட்டீர்கள். தெரியும். வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

முதல் டெஸ்டைப் பற்றிச் சொன்னால்தான் இரண்டாவது புரியும். இரண்டு ஃபோனையும் முழு சார்ஜ் ஏற்றி மாமாவிடம் கொடுத்தேன். இடது பையில் நீலம், வலது பையில் கறுப்பு. “தொடாதீங்க மாமா, சும்மா வச்சிருங்க” என்று மட்டும்தான் சொன்னேன். வேலை முடிந்து வந்தார். நீலம் சுத்தமாகக் காலி, கறுப்பில் தாராளமாக மிச்சம். கறுப்பு ஜெயித்தது என்று வீடியோ போட்டேன். அதுதான் நான் போட்டதிலேயே அதிகம் பேர் பார்த்த வீடியோ சார். அதை நம்பிக் கறுப்பு வாங்கினவர்கள் ஒவ்வொருவராக வந்து துப்பினார்கள். பாதி நாள்கூட நிற்கவில்லையாம். ஒருத்தர் எழுதினார்: ‘இவன் ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு வைக்கிற பயல்.’ அந்தக் கமெண்டுக்குத்தான் அத்தனை லைக்.

எனக்கு ஓரவஞ்சனை என்றால் ஆகாது. யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். என்னைப் போய் அப்படிச் சொன்னார்கள்.

காரணம் பிறகுதான் தெரிந்தது. சாப்பிட உட்கார்ந்திருந்தோம். மாமா அவராகவே சொன்னார்.

“மாப்ளே, அந்த நீலத்துல படம் என்னா கிளியரு! சாப்பாட்டு நேரம் முழுக்க காமெடி சீனா பாத்துத் தள்ளிட்டேன்.”

“எப்ப மாமா?”

“அதான், நீ பையில வச்சிக்கச் சொன்னியே, அன்னிக்கு.”

“தொடாதீங்கன்னு சொன்னேனே.”

“அட போடா. ஃபோனைத் தொடாம வச்சிருக்க அது என்ன புதுப்பொண்ணா?” அவர் சிரித்தார். அக்காவும் சிரித்தாள். “உன் வீடியோவ பாக்கிறதே நாலு பேரு. அதுல ரெண்டு பேரு நானும் உங்கக்காவும். மிச்ச ரெண்டும் தெரியாம கைபட்டு வந்ததுங்க.”

“விடுங்க, மூஞ்சி சுருங்குது பாருங்க” என்றாள் அக்கா.

“சுருங்கட்டும். பேட்டரி லோ போல.”

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். கோபம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள், அது கோபம் இல்லை. ஒரு வேலையை ஒழுங்காகச் செய்யவேண்டும் என்று நினைக்கிறவனைச் சுற்றி எல்லாரும் விளையாட்டாகவே இருந்தால் வருமே ஒரு சலிப்பு, அது.

இரண்டாவது டெஸ்டைக் குளிர் அறையில் வைத்தேன். மற்றவர்கள் எல்லாம் ஏசி ரூமில் மேசைமேல் வைத்து டெஸ்ட் பண்ணுகிறார்கள். நமக்கு ஃப்ரீசரே இருக்கிறது. குளிரில் பேட்டரி பொய் சொல்லும் சார். பாதி இருக்கிறது என்று காட்டிக்கொண்டே இருந்து பொசுக்கென்று அணைந்துவிடும். எது அணையாமல் நிற்கிறதோ அதுதான் நல்ல பேட்டரி. இதில் யாரும் குறை சொல்ல முடியாது.

இந்தத் தடவை எல்லாவற்றையும் சமமாக்கினேன். இரண்டிலும் ஒரே கம்பெனி சிம், நெட் கிடையாது. இரண்டிலும் பதிந்துவைத்தது ஒரே ஓர் எண், என்னுடையது. வேறு எண் ஏன் இல்லை என்கிறீர்கள். தேவையில்லாததை ஏற்றக்கூடாது என்பதுதான் காரணம். அக்கா எண்ணை அவர் மனப்பாடமாகப் போட்டிருக்கலாமே என்றால், இந்தக் காலத்தில் யாருக்கு யார் எண் மனப்பாடம்?

மாமாவிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்.

“மாமா, கதவைத் திறக்கச் சொல்லி நீலத்துல ஒரு மிஸ்டு கால் குடுத்தீங்கன்னா, உடனே கறுப்புலயும் ஒண்ணு குடுக்கணும். ரெண்டும் வந்தாத்தான் திறப்பேன்.”

“ரெண்டு பொண்டாட்டிக்காரன் கதைல்ல இது?”

“விளையாடாதீங்க மாமா.”

“சரிடா, சரி. அவளுக்கு ஒண்ணுன்னா இவளுக்கும் ஒண்ணு.”

மத்தியானம், வண்டி எதுவும் வராத நேரம். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மாமா உள்ளே போனார், நான் கதவைச் சாத்தினேன். வழக்கமாக அவர் வெளியே வருகிற நேரத்துக்கு நீலத்திலிருந்து கால் வந்தது. கட் பண்ணினேன். கறுப்பிலிருந்து வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மறுபடி நீலம்தான் வந்தது. கட் பண்ணினேன். மறந்துவிட்டார், ஞாபகம் வந்ததும் கொடுப்பார் என்று நினைத்தேன். எப்போதும்போல விளையாடுகிறார் என்றும் நினைத்தேன்.

எடுத்துப் பேசியிருக்கலாமே என்று நீங்கள் மட்டும் இல்லை, எல்லாரும் கேட்கிறார்கள். எடுத்தால் நீலத்தில் பேச்சு நேரம் ஏறும், கறுப்பில் ஏறாது. மறுபடி அதே வெண்ணெய், அதே சுண்ணாம்பு.

கட் பண்ணினால் ‘வர்றேன்’ என்றுதானே அவர் எடுத்துக்கொண்டிருப்பார் என்கிறீர்கள். ஆமாம். அதனால்தான் அவர் கதவைவிட்டு நகரவில்லை.

தட்டுகிற சத்தம் கேட்டதா என்றால், கேட்டது. அந்தக் கதவு ஒரு சாண் கனம், யாரோ பக்கத்து வீட்டில் தலையணையை அடித்துத் தூசி தட்டுகிற மாதிரிதான் கேட்கும். முதலில் வேகமாகத் தட்டினார். பிறகு விட்டு விட்டுத் தட்டினார்.

ஜாக்கெட் விஷயம். அது வெளியே ஆணியில்தான் தொங்கியது, என் தோளுக்குப் பக்கத்தில். இழுப்புக்கு உறிஞ்சுகிற மருந்தும் அவருடைய சொந்த ஃபோனும் அதன் பையில் இருந்தது உண்மைதான். ஜாக்கெட் போட்டால் உடம்புச் சூடு ஃபோனில் ஏறும், ஃப்ரீசர் டெஸ்டுக்கு அர்த்தமே இருக்காது. “ரெண்டே பெட்டிதானே மாமா, சட்டையோட போய்ட்டு வாங்க” என்று சொன்னேன். கழற்றியது அவர், சொன்னது நான். இதை நான் மறைக்கவில்லை.

குளிரில் ஃபோன் அணைந்துபோகும் என்று தெரிந்த உனக்கு, கறுப்பு அணைந்துபோயிருக்கலாம், அதனால்தான் அதிலிருந்து கால் வரவில்லை என்று தோன்றவே இல்லையா என்று நேற்று உங்களோடு விசாரிக்க வந்த அந்த அம்மா கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை.

தோன்றியது.

நீலத்திலிருந்து மூன்றாவது கால் வந்தபோதே தோன்றியது. அத்தனை பேர் முன்னால் ஜெயித்தது என்று நான் சொன்ன கறுப்பு, முதலில் விழுந்துவிட்டது. மனசுக்குச் சங்கடமாக இருந்தது, ஆனால் உண்மை உண்மைதான், அதை ஒப்புக்கொண்டு வீடியோ போடவேண்டும் என்று அங்கேயே முடிவு பண்ணினேன். இனித் தெரியவேண்டியது ஒன்றுதான். நீலம் எவ்வளவு நேரம் தாங்கும்? கதவைத் திறந்துவிட்டால் அது தெரியாது. நல்லவேளையாகத் திறக்காமலே தெரிந்துகொள்ள வழி இருந்தது. ஒவ்வொரு கால் வரும்போதும் நீலம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். வந்தது, கட் பண்ணினேன். வந்தது, கட் பண்ணினேன். பிரமாதமான பேட்டரி சார் அது. எனக்கே ஆச்சரியம்.

பிறகு கால்கள் தள்ளித் தள்ளி வந்தன. அப்புறம் நின்றுவிட்டன. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் பொறுத்தேன். வரவில்லை. சரி, நீலமும் முடிந்தது என்று எழுந்து கதவைத் திறந்தேன். சொன்ன வார்த்தை தவறவில்லை, திறக்கத்தான் செய்தேன்.

மாமா கதவில் சாய்ந்தே உட்கார்ந்திருந்ததால், திறந்ததும் என் கால்மேல் சரிந்தார். கறுப்பு சட்டைப்பையில் இருந்தது, அணைந்துதான் போயிருந்தது. நீலம் கையில் இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்கவேண்டியிருந்தது. பொத்தானை அமுக்கினேன். ஸ்கிரீன் பளிச்சென்று எரிந்தது. பாதிக்கு மேல் சார்ஜ் இருந்தது சார்.

அக்காவிடம் இதையெல்லாம் நிதானமாக எடுத்துச் சொல்லலாம் என்றால், அவள் என் முகத்தைப் பார்க்கவே மாட்டேன் என்கிறாள். என் பக்கத்தில் எந்த ஓரவஞ்சனையும் இல்லை. இரண்டு ஃபோனுக்கும் ஒரே குளிர், ஒரே சட்டை, ஒரே ஆள். கடைசிவரை தாக்குப்பிடித்திருந்தால் இந்நேரம் சரியான ரிசல்ட் என் கையில் இருந்திருக்கும். இந்தத் தடவையும் மாமா டெஸ்டைப் பாதியிலேயே கெடுத்துவிட்டார்.