ஆயுத பூஜைக்கு வந்த கிராபிக்ஸ் கார்டு

— நாலு கடை ஏறி இறங்கியாச்சு அக்கா. எல்லாரும் ஒரே பாட்டுதான் பாடறாங்க. நல்ல கார்டுன்னா பணம் பத்தாது. பணத்துக்கேத்த கார்டுன்னா நல்லா இருக்காது. போதும், வீட்டுக்குப் போலாம் வா.

— இந்த ஒரு கடையையும் பார்த்துட்டுப் போலாம் நிரஞ்சா. கேபினெட்டைக் கீழே வை, எவ்வளவு நேரம் தூக்கிட்டே நிப்பே?

— கார்டு வாங்க வந்தவங்க யாராவது முழு கம்ப்யூட்டரையும் ஆட்டோல ஏத்திட்டு வருவாங்களா? இந்தக் கம்ப்யூட்டர் கடைத்தெரு, எஸ்.பி. ரோடே நம்மளப் பார்த்துச் சிரிக்குது. என் தலையெழுத்து.

— வாங்க மேடம், வாங்க தம்பி. ரிப்பேரா, புதுசா?

— புதுசுதான் சேட்டு. பணம் என்னோடது, கேம் என் தம்பியோடது. பில்லை வேதான்னு என் பேர்ல போடுங்க. பதினஞ்சாயிரத்துக்கு மேல ஒரு பைசா கிடையாது. சீட்டு எடுத்த பணம்.

— மேடம், போனைக் கல்லா ஓரத்துல வைக்காதீங்க. கூட்டத்துல எவனாவது தட்டிட்டுப் போயிடுவான்.

— இருக்கட்டும் சேட்டு. அது அங்கேயே இருக்கட்டும்.

— உங்க இஷ்டம். தம்பி என்ன ஆடறீங்க?

— கார் ரேஸ். போன மாசம் காலேஜ் போட்டி. கடைசி வளைவுல மத்தவன் காரெல்லாம் பறக்குது, என் காரு விக்கி விக்கிப் போவுது. இப்ப எனக்கு காலேஜ்ல என்ன பேரு தெரியுமா? எருமை வண்டி நிரஞ்சன்.

— பதினஞ்சுக்கு இந்தப் பெட்டி வரும். ஆனா கல்லா மேல சத்தியமா சொல்றேன், இதை வாங்கினா எருமை வண்டி மாட்டு வண்டியாகும், அவ்வளவுதான்.

— பொருள் விக்கறவர் பேசற பேச்சா சேட்டு இது?

— நாளைக்கு நீங்க திரும்பி வந்து கத்தினா நான்தானே கேக்கணும் தம்பி? ரேசுக்கு நல்லா ஓடணும்னா மேல் தட்டுல இருக்கற அந்தப் பச்சைப் பெட்டி. அது உங்க பணத்துக்கு ரெண்டு மடங்கு.

— ரெண்டு மடங்கா! போன வருஷம் இவ்வளவு இல்லையே?

— போன வருஷம் தக்காளியும் இவ்வளவு இல்லை.

— அந்த மூலையில ஒண்ணு விலை கம்மியா போட்டிருக்கே?

— அதைத் தொடாதீங்க. பிட்காயின் தோண்டற கூடத்துல ராத்திரி பகலா வெந்த கார்டு அது. அடுத்த வாரமே மண்டையைப் போட்டாலும் போடும்.

— அப்ப கேபினெட்டுக்காவது கலர் லைட் விசிறி ரெண்டு மாட்டலாமா? பார்க்கவாவது நல்லா இருக்கும்.

— மாட்டலாம் தம்பி. எருமைக்குச் சலங்கை கட்டின மாதிரி இருக்கும்.

— பார்த்தியா அக்கா? காசு குடுத்து அசிங்கப்படறோம். அந்த யதீஷ் மட்டும் ஒழுங்கான கார்டு போட்டுக் குடுத்திருந்தா நான் ஏன் இங்க வந்து நிக்கறேன்?

— யாரு தம்பி யதீஷ்?

— சொல்லு நிரஞ்சா. சத்தமா சொல்லு. ஜெனரேட்டர் சத்தத்துல சேட்டுக்குக் கேக்கல.

— எங்க அக்காவைப் பொண்ணு கேட்டு வந்தவன் சேட்டு. தாம்பூலம் மாத்தறதுதான் பாக்கி. ஆயுத பூஜைக்கு மொத நாள் இந்தக் கம்ப்யூட்டரைப் பாகம் பாகமா வாங்கி மாட்டிக் குடுத்தான். எங்க பணம்தான், கூலி வேணாம்னான். அன்னைக்கு ஜோரா ஓடுச்சு. பூஜை முடிஞ்ச மறுநாள்லேர்ந்து விக்க ஆரம்பிச்சது. ஒருநாள் கூத்துக்குப் போலி கார்டு போட்டு ஏமாத்தியிருக்கான்.

— அவன்கிட்ட கேட்டீங்களா?

— கேட்டோம். வந்து பார்க்கறேன்னான். இன்னொரு தடவ ஏமாறவான்னு வாசல்லயே நிக்க வச்சுப் பேசி அனுப்பிட்டோம். ஒரு கார்டுலயே இப்படின்னா, கல்யாணம் பண்ணிட்டு என்னென்ன பண்ணுவானோ!

— யாரு சொன்னது அது நிரஞ்சா?

— நான்தான் அப்பாகிட்ட சொன்னேன். என்ன தப்பு? நல்லவேளை, அப்பா கேட்டுக்கிட்டார். இப்ப தாவணகெரேல நல்ல மாப்பிள்ளை, நல்ல இடம். வர்ற ஞாயிறு நிச்சயம்.

— உனக்கு நல்ல இடம். எனக்கு?

— ஆரம்பிச்சிட்டியா? ஆறு மாசமா இதே முகம்தான் சேட்டு. கேட்டா 'அவன் அப்படிப்பட்டவன் இல்ல.' அதைத் தவிர வேற பேச்சே கிடையாது.

— அப்படிப்பட்டவன் இல்லதான். ஒரு காபியை பை டூன்னு ரெண்டாப் பிரிச்சுக் குடிச்சாக்கூடத் தன் டம்ளர்ல கொஞ்சம் கம்மியா ஊத்திக்கறவன். அவன் உன்னை ஏமாத்தினானாம்!

— சண்டையை வீட்டுல போட்டுக்கங்க. எனக்கு வேலை இருக்கு. கேபினெட்டைத் திறக்கறேன். பவர் சப்ளை தாங்குமான்னு பார்க்காம நான் கார்டு விக்கறதில்லை... அரே! தம்பி, என்கிட்ட விளையாடறீங்களா?

— ஏன் சேட்டு?

— அந்தப் பச்சைப் பெட்டிக்குள்ள இருக்கற கார்டு எதுவோ அதுதானே இதுக்குள்ள இருக்கு! இதை வச்சுக்கிட்டு பதினஞ்சாயிரத்துக்கு எதுக்குப் பேரம் பேசறீங்க?

— போலி சேட்டு. மேல ஸ்டிக்கர் மட்டும்தான் அசல். உள்ள ஒண்ணும் கிடையாது.

— போலியா? இங்க பாருங்க, வாரண்டி ஸ்டிக்கர். யாரோட கையெழுத்து இது? என்னோடது! என் கடையிலேர்ந்து போன பொருள். என் கடையில வந்து நின்னுக்கிட்டு போலிங்கறீங்க!

— சேட்டு, கோபப்படாதீங்க. இதை வாங்கினவர் ஞாபகம் இருக்கா?

— மறக்க முடியுமா மேடம்? ஒல்லியா, கண்ணாடி போட்ட பையன். பேரெல்லாம் கேக்கல, நான் அவனை எஞ்சினியர்னுதான் கூப்பிடுவேன். கையில இருந்த பணத்துக்குச் சின்ன கார்டுதான் வந்துச்சு. பெருசு வேணும்னு நின்னான். மிச்சத்துக்கு என்ன பண்ணுவேன்னேன். ஞாயித்துக்கிழமைல வந்து உங்க கடை மெஷினெல்லாம் மாட்டிக் குடுக்கறேன், கழிச்சுக்கங்கன்னான். சொன்ன மாதிரியே வந்தான். தீபாவளி ஞாயிறுகூட இந்த ஸ்டூல்லதான் உக்காந்திருந்தான்.

— தீபாவளிக்கா? சேட்டு... அதுக்கு முன்னாடியே இவங்க அவனைத் துரத்தியாச்சே.

— அதான் மேடம், முகமே சரியில்ல. என்னாச்சுன்னு கேட்டேன். ஒண்ணுமில்லைன்னான். யாருக்குடா இவ்வளவு கஷ்டப்படறேன்னு கேட்டேன். மச்சினனுக்குன்னான்.

— அக்கா, இதெல்லாம் கதை. அவனும் சேட்டும் சேர்ந்து...

— தம்பி! கல்லா மேல சத்தியம், இன்னொரு வார்த்தை பேசினா ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிடுவேன். இரு, இங்கேயே ஓட்டிக் காட்டறேன். டேபிள்ல மானிட்டர் இருக்கு. கேபிளை இந்தக் கார்டுல சொருகினா... சொருக மாட்டேங்குதே. என்ன அடைச்சிருக்கு இதுல?

— துடைக்காதீங்க சேட்டு! மொதல்ல அது என்னன்னு வாயால சொல்லுங்க.

— சந்தனம் மேடம். காஞ்சு கல்லாயிருக்கு. மேல குங்குமம். கார்டுல கேபிள் சொருகற மூணு வாயிலயும் பொட்டு.

— அது ஆயுத பூஜைக்கு அம்மா வச்சது. எல்லாத்துக்கும்தான் வைப்பாங்க. அரிவாமணை, மிக்ஸி, ஸ்கூட்டர்... கம்ப்யூட்டருக்கு வாயிலதான் உயிருன்னு சொல்லி, கேபிளைக் கழட்டிட்டுப் பின்பக்கம் வச்சாங்க.

— அப்ப பூஜை முடிஞ்சு மானிட்டர் கேபிளை எங்க சொருகினே நிரஞ்சா?

— அம்மாதான் பூஜைப் பொட்டைக் கலைக்கக் கூடாதுன்னாங்க. மேல அதே மாதிரி இன்னொரு ஓட்டை சுத்தமா இருந்துச்சு. அதுல சொருகினேன். படம் வந்துச்சே!

— படம் வரும் தம்பி, ஏன் வராது? மேல இருக்கறது கம்ப்யூட்டரோட சாதா வாய். அதுல டிவி பார்க்கலாம், கடிதாசு அடிக்கலாம். அதுல சொருகினா இவ்வளவு பெரிய கார்டு உள்ள சும்மா உக்காந்திருக்கும். கல்யாணத்துக்குச் சமையல்காரனைக் கூட்டிட்டு வந்து தின்னுட்டுப் போன்னு பந்தியில உக்கார வச்ச மாதிரி.

— சும்மாவா? ஆறு மாசமாவா?

— பூஜை அன்னையிலேர்ந்து இந்தக் கார்டு ஒரு படம்கூடக் காட்டல. பொட்டு கலையவே இல்லையே! வருஷா வருஷம் தசரா முடிஞ்சா இந்த மாதிரி ரெண்டு மூணு பேர் வருவாங்க. ஒருத்தர் அரிசியே போட்டு வச்சிருந்தார். ஆனா எவனும் அதுக்காகக் கல்யாணத்தை நிறுத்தினதில்லை. ஒரு வாயை மட்டும் சுரண்டறேன். ம்... சொருகியாச்சு. தம்பி, உங்க ரேசை ஓட்டுங்க.

— கிளம்பிட்டேன். மொத வளைவு... ரெண்டாவது வளைவு...

— என்ன நிரஞ்சா, விக்குதா?

— இல்ல.

— சத்தமா சொல்லு.

— விக்கல அக்கா. வெண்ணெய் மாதிரி போவுது.

— கடைசி வளைவு?

— தாண்டிட்டேன்... அக்கா, எனக்கு எப்படித் தெரியும்? யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா...

— சொல்லத்தான் அவன் வந்தான். நீங்க வாசலைத் தாண்ட விடல.

— நீ எப்பப் பார்த்தே இதை? கடைசியா இந்தக் கடையையும் பார்த்தே ஆகணும்னே. பெட்டியை முழுசா தூக்கிட்டு வரணும்னே. உனக்குத் தெரியும்!

— நேத்து மேசை பின்னாடி ஒட்டடை அடிக்கறப்ப பொட்டைப் பார்த்தேன். பக்கத்து மூடியைக் கழட்டி உள்ள கடை ஸ்டிக்கரையும் பார்த்தேன். ஞாயித்துக்கிழமைக் கதை மட்டும் எனக்குத் தெரியாது. பாவி, எங்கிட்டகூடச் சொல்லல பாரேன்.

— அப்ப வீட்டுலயே சொல்லியிருக்கலாமே! நடு ரோட்டுல வச்சு என் மானத்தை வாங்கணுமா?

— ஆறு மாசமா வீட்டுலதானே சொன்னேன்? நான் என்ன சொன்னாலும் அவனுக்கு வக்காலத்துன்னீங்க. அதான் என் வாயால வேணாம், சேட்டு வாயால வரட்டும், உன் வாயால வரட்டும்னு கூட்டிட்டு வந்தேன்.

— சரி, வந்துச்சு. போதுமா? அப்பாகிட்ட எப்படிச் சொல்றது? ஞாயிறு நிச்சயம். பத்திரிகை அடிச்சாச்சு, மண்டபத்துக்கு முன்பணம் குடுத்தாச்சு. நான் சொன்ன பேச்சை நம்பித்தான் அவர் அவ்வளவும் பண்ணினார். என்னால சொல்ல முடியாது அக்கா. நீயும் சொல்லாதே. இங்கேயே விட்டுடலாம், நான் இனிமே கேமே ஆட மாட்டேன். அக்கா? கல்லா ஓரத்துலேர்ந்து போனை ஏன் எடுக்கறே? யாரைக் கூப்பிடப் போறே?

— யாரையும் கூப்பிடப் போறதில்ல. கடைக்குள்ள நுழையறப்பவே கூப்பிட்டாச்சு. அப்பா, எல்லாம் கேட்டுச்சா? தாவணகெரேக்கு நீங்க பேசறீங்களா, நான் பேசட்டுமா?