மோட்டாரை நிறுத்தச் சொன்னது நான்

என் பெயர் கொளஞ்சியம்மாள், வயது 46, கணவர் பெயர் பச்சமுத்து (இறந்துவிட்டார்). கள்ளக்குறிச்சி மாவட்டம், கல்வராயன் மலை அடிவாரம், பாறையடி காலனியில் குடியிருக்கிறேன். கூலி வேலை செய்கிறேன்.

எங்கள் ஊருக்கு மேற்கே வெங்கடேசன் என்பவருடைய பட்டா நிலத்தில் அவருக்குச் சொந்தமான மண் அணை இருந்தது. அதன் கரைக்குக் கீழே உள்ள கிணற்றிலிருந்துதான் காலனித் தொட்டிக்குக் குடிதண்ணீர் ஏறும். மோட்டார் போடுவதும் நிறுத்துவதும் என் கணவர் வேலை. பதினோரு வருடமாகப் பார்த்து வந்தார். கரையில் முள் வெட்டுவது நான். மலையில் மழை பெய்து கிணறு கலங்கினால் முதல் காரியமாக மோட்டாரை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் தொட்டியில் சேறு ஏறி, நான்கு நாட்களுக்கு ஊரே எங்களைத் திட்டும்.

கடந்த 17.11.2025 அன்று காலை சுமார் பத்து மணிக்கு நான் கரைமேல் முள் வெட்டிக்கொண்டிருந்தேன். அணை நிறைந்திருந்தது. என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அப்போது கீழே கிணறு செம்மண்ணாகக் கலங்குவதைப் பார்த்து, "இந்தாய்யா, மோட்டார நிறுத்து, தொட்டிக்கு சேறு ஏறிடப் போவுது" என்று கத்தினேன். அதற்கு அவர், "இன்னாத்துக்குக் கத்துற, போய்க்கினுதான இருக்கறேன்" என்று சொல்லி, டீயைப் பாதியில் வைத்துவிட்டு இறங்கினார். அதன் பிறகு அணைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அணைத் தண்ணீர் தெளிவாக இருந்தது. மேலே தெளிவாக இருக்கும்போது கீழே எப்படிக் கலங்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. கரையின் அடிமண்தான் கரைந்து போய்க்கொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. மோட்டார் சத்தம் நின்றது. அதன் பிறகு நான் நின்ற இடத்துக்குப் பத்தடி தள்ளிக் கரை உள்வாங்கி உடைந்தது. மோட்டார் கொட்டகை இருந்த இடத்தில் தண்ணீர் மட்டும் போனது. அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கல்யாணமானதிலிருந்து நான் அவர் பெயரைச் சொன்னதில்லை. மாலை மூன்று மணிக்குக் கரும்புத் தோட்டத்தில் கிடைத்தார்.

அவர் குடித்துவிட்டுக் கொட்டகையில் படுத்திருந்ததாக வெங்கடேசன் தரப்பில் சொல்கிறார்கள். அது பொய். எங்கள் காலனியில் யார் செத்தாலும் சாராயம் என்று எழுதிவிடுவது சுலபம். அவர் குடிக்கவில்லை. நான் சொல்லித்தான் போனார். இரண்டு மாதத்துக்கு முன் கரை அடியில் தண்ணீர் கசிகிறது என்று அவர் சொன்னபோது, "கோடைல பாத்துக்கலாம் போடா" என்று வெங்கடேசன் சொன்னார். நானும் அங்கே இருந்தேன்.

மோட்டாரை அவர் நிறுத்தியதால் தொட்டியில் துளி சேறு ஏறவில்லை. அணை போன பிறகு மூன்று நாட்கள் காலனியே அந்தத் தண்ணீரைத்தான் குடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து அவரைக் குளிப்பாட்டியதும் அதிலிருந்து எடுத்த நான்கு குடத்தில்தான்.

நான் சொன்னதை எழுதி எனக்குப் படித்துக் காட்டினார்கள். எல்லாம் நடந்தது நடந்தபடி இருக்கிறது. அவர் குடிக்கவில்லை என்ற இடத்தை மட்டும் இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன். சரியாக இருந்தது. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாததால் இடது கைப் பெருவிரல் ரேகை வைக்கிறேன்.