நான்கு முட்டுகள்

கல் வீட்டில் துணி காயாது. இரண்டடி கனச் சுவர், மலைக்கல்லும் சுண்ணாம்பும். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் உள்ளே ஈரம் போகாது. அதனால் என் கைலியை எப்பவும் கொல்லைக் கம்பியில்தான் போடுவேன்.

நடந்ததைச் சொல்லச் சொன்னீர்கள். எனக்குக் கோர்வையாகச் சொல்ல வராது. படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் நேராகச் சொல்வேன்.

பெயர் சன்னாசி. வயது எழுபத்து நாலு. ஈஜோக் பக்கம் எங்கள் தோட்டத்துத் துரை பங்களாவில் கொத்து வேலை பார்த்தவன். தோட்டத்தை விற்றார்கள், நாங்கள் குடியிருந்த லயத்தை இடித்தார்கள், ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பங்களா மட்டும் நின்றது. அதைச் சுகுமாறன் வாங்கினான். அவன் தாத்தா எங்கள் தோட்டத்தில் கணக்கு எழுதின கிராணி. எங்கள் பேரை எழுதும்போதுகூட முகத்தைப் பார்க்காத ஆள். அந்தக் குடும்பத்தை நான் நம்பினது இல்லை.

சுகுமாறன் பங்களாவை வாடகை வீடுகளாகப் பிரித்தான். கீழே இரண்டு, மேலே நாலு. ரவாங் டவுனில் வேலை செய்கிறவர்கள் குடிவந்தார்கள். துரை விருந்து வைத்த மாடிக் கூடத்தைப் பலகை அடித்து நாலாக்கினான். ஒவ்வொன்றுக்கும் பின்பக்கம் ஒரு குளியலறை. மரத் தரைமேல் சிமென்டு, அதன்மேல் தண்ணீர்த் தொட்டி. பழைய உத்தரம் தாங்காது, கரையான் தின்ற மரம் என்று சொன்னேன்.

"அப்ப என்ன செய்யலாம் தாத்தா?"

"கீழ ஸ்டோர்ல முட்டு குடுக்கணும். குளியலறைக்கு ஒண்ணு."

"நீங்களே குடுங்க லா. உங்களவிட யாருக்கு இந்த வீடு தெரியும்?"

கொடுத்தேன். நாலு முட்டு. கெட்டி மரம், அடியில் கருங்கல், தலையில் ஆப்பு. அதைப் பார்த்துவிட்டுத்தான், பின்னால் தனியாக இருக்கும் பழைய சமையற்கட்டில் இருந்துகொள்ளச் சொன்னான். சாகிற வரைக்கும் என்றான். வாயால் சொன்னதுதான், தாளில் இல்லை.

மாடிக்கு நான் போனது கிடையாது. மாடிப்படி முன்பக்கம். எங்களுக்கு முன்பக்கம் கிடையாது. என் அம்மா பின்பக்கச் சமையற்கட்டில் பாத்திரம் கழுவினவள். சின்னப் பிள்ளையில் ஒரு தடவை முன்படியில் கால் வைத்தேன். காவல்காரன் என்னை அடிக்கவில்லை, அம்மாவை அடித்தான். அதற்குப் பிறகு முன்பக்கத்துப் பூச்சு வேலைக்குக்கூட நான் போகவில்லை, கிள்ளானிலிருந்து சீனக் கொத்தனார் வருவார். "முன்னால வாங்க தாத்தா, துரை கப்பலேறி அம்பது வருசமாச்சு" என்று சுகுமாறன் சிரிப்பான். நான் போகவில்லை. அந்த வீட்டின் முதுகு எனக்கு மனப்பாடம். அது போதும்.

மேலே திலகா என்று ஒரு பெண். கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு. புருசன் விட்டுப் போய்விட்டான். காலையில் வரும்போது எனக்கு இரண்டு ரொட்டி சானாய் வாங்கி வந்து சமையற்கட்டு ஜன்னலில் வைப்பாள்.

"மாத்திர போட்டீங்களா தாத்தா? இல்ல கோழிக்குப் போட்டீங்களா?"

"கோழிக்குத்தான். அதுக்குத்தான் மூட்டு வலி."

சிரித்துக்கொண்டே போவாள். நாலாம் நம்பர் வீடு என்று சொல்லியிருந்தாள். அவள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

போன மாதம் சுகுமாறன் வந்தான். சமையற்கட்டை ஏழாவது வீடாக மாற்றப் போவதாகச் சொன்னான்.

"ரவாங்ல முதியோர் இல்லம் பாத்துட்டேன் தாத்தா. தலைக்கு மேல காத்தாடி, டிவி எல்லாம் இருக்கு."

"சாகுற வரைக்கும்னு சொன்ன."

"சொன்னேன். நீங்க சாகவே மாட்டேங்கிறீங்களே" என்று தோளில் தட்டினான்.

விளையாட்டுக்குச் சொன்னான் என்பார்கள். எனக்கு விளையாட்டுத் தெரியாது. சமையற்கட்டு வேலை முடிகிற வரைக்கும் மாடியில் காலியாய்க் கிடந்த ஒன்றாம் நம்பரில் தானே தங்கப் போவதாகச் சொன்னான்.

இரண்டு நாள் யோசித்தேன். கோபத்தில் செய்தேன் என்று எழுதாதீர்கள். சுவரில் உப்புப் பூத்த இடத்தைச் சுரண்டி எடுக்கிறோம், அதில் கோபம் ஏது.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கொல்லைப் பக்கமாக ஸ்டோரைத் திறந்தேன். இடது கோடி முட்டு ஒன்று. அப்படித்தான் நிறுத்தினேன், அப்படித்தான் எண்ணினேன். திலகாவின் நாலு வலது கோடி. நடுவில் இரண்டு வீடு. அவளுக்கு ஒரு கீறல் விழாது என்று பார்த்துக்கொண்டுதான் ஆப்பைத் தட்டினேன். நாலு தட்டு. முட்டு மரத்தை எடுத்துப் படுக்க வைத்தேன். உத்தரம் முனகியது, விழவில்லை. தொட்டி நிறைய வேண்டும், ஓர் ஆள் வந்து நிற்க வேண்டும்.

திரும்பி வந்து கோப்பி கலக்கினேன். ஜன்னலில் ரொட்டி இருந்தது, இன்னும் சூடு. பாதி தின்றிருப்பேன், சத்தம் கேட்டது. மீதியைத் தின்றுவிட்டுப் போனேன்.

புழுதி அடங்க நேரமானது. தொட்டிக்கு அடியில் ஒரு கை தெரிந்தது. அதில் வளையல் இருந்தது. வலது கோடிப் பக்கமிருந்து சுகுமாறன் இடுப்பில் துண்டோடு ஓடி வந்தான். "தாத்தா, திலகாக்கா" என்று அழுதான். அவன் வந்த பக்கத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கியது. முன்வாசலில் நின்று எண்ணினால், என் ஒன்று அவர்களுக்கு நாலு.

மூன்று வாரம் நான் வாயைத் திறக்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை. இப்போது நானாக ஸ்டேஷனுக்கு வந்ததற்குக் காரணம் இருக்கிறது. சோதிக்க வந்த இன்ஜினியர், கிழவன் கொடுத்த முட்டு சரியில்லை, தானாக நழுவியது என்று எழுதினாராம். சுகுமாறனும், தாத்தாவுக்குக் கை நடுங்குது, விட்டுடுங்க என்றானாம். எனக்குப் பாவம் பார்க்கிறான் கிராணி பேரன்.

என் முட்டு நழுவாது. மற்ற மூன்றும் நிற்கின்றன, போய் ஆட்டிப் பாருங்கள். நான் எடுத்தேன், அதனால் விழுந்தது. அந்தத் தாளைத் திருத்துங்கள்.

திலகா விசயம் வேறு. அவளை நான் ஒன்றும் செய்யவில்லை. நான் சரியாகத்தான் எண்ணினேன். பின்பக்கத்திலிருந்து நம்பர் போட்டிருந்தால் அந்தப் பெண் இன்றைக்கும் ரொட்டி கொண்டுவந்திருப்பாள். முன்பக்கத்திலிருந்து போட்டது யார் என்று சுகுமாறனைக் கேளுங்கள்.