இரண்டாவது வளைவுக்கு ஏற்ற லென்ஸ்

இரவுப் பந்தயத்துக்கு எந்த லென்ஸ் வாங்கலாம் என்று யார் கேட்டாலும், எங்கே நிற்கப் போகிறீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன். மற்றதெல்லாம் அப்புறம்.

நீங்கள் என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டதும் கிட்டத்தட்ட அதற்காகத்தான், சார். செத்துப்போன புகைப்படக்காரர் பைக் பந்தயப் பாதைக்கு அவ்வளவு பக்கத்தில் ஏன் போனார் என்று உங்களுக்கு விளங்கவில்லை. நான் பத்திரிகையில் இருபத்திரண்டு வருடம் விளையாட்டுப் படம் எடுத்தவன், அவர் மனைவிக்கு அண்ணன் வேறு. விவரம் தெரிந்தவன் என்று உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். சொல்கிறேன்.

மைதானத்து விளக்குகள் நம் கண்ணுக்குப் போதும், கேமராவுக்குப் போதாது. ஃப்ளாஷ் அடித்தால் ஓட்டுகிறவனுக்குக் கண் கூசும், அதனால் தடை. ஆகவே வெளிச்சத்தை நிறைய உள்ளே விடும் லென்ஸ் வேண்டும். முந்நூறு மில்லிமீட்டர் என்று ஒன்று இருக்கிறது. கைக்குழந்தை எடை, கொள்ளை விலை. நடு மைதானத்தில் பத்திரமாக நின்றுகொண்டு எதிர் மூலையில் வருகிறவனின் முகத்தை எடுக்கலாம். இன்னொன்று எண்பத்தைந்து. மலிவு, கையடக்கம், இருட்டில் இன்னும் கெட்டி. ஆனால் கிட்டே போக வேண்டும்.

பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்னால் மாப்பிள்ளை என் வீட்டுக்கு வந்தார்.

"மச்சான், உங்க முந்நூறைக் குடுங்க. ஒரே ஒரு ராத்திரி. கீறல் விழாம கொண்டாந்துடறேன்."

"சர்வீசுக்குப் போயிருக்கு மாப்ளே. எண்பத்தஞ்சை எடுத்துட்டுப் போங்க. இருட்டுல அதை அடிச்சுக்க ஆளே கிடையாது."

"ரொம்பக் கிட்டப் போகணுமே?"

"பயமா இருந்தா கல்யாண ஆல்பம் எடுங்க, யாரு வேணாங்கறா?"

விழுந்து விழுந்து சிரித்தார். நல்ல மனிதர். அவர் சாய்ந்து நின்ற பீரோவுக்குள்தான் முந்நூறு இருந்தது.

எனக்கு இரவுப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது, சார். திரும்பாது என்று டாக்டர் கைவிரித்து ஒன்றரை வருடமாகிறது. வீட்டில் சொல்லவில்லை. அதே பத்திரிகையில் வேலை பார்த்த மாப்பிள்ளை மட்டும் கண்டுபிடித்துவிட்டார். ஒருநாள் என் படங்கள் எல்லாமே கலங்கலாக வந்திருந்தன. மறுநாள் பேப்பரில் அவர் எடுத்த படம், கீழே என் பெயர். ஆபீசே கைதட்டியது. அவரும் என் முகத்தைப் பார்க்காமல் தட்டினார். அன்றுதான் அவரை வெறுக்கத் தொடங்கினேன். நாலு பேர் முன்னால் என்னைத் திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். அதன் பிறகும் பல தடவை அப்படிச் செய்தார். கடைசியில் ஆசிரியரிடம், "மச்சானுக்கு ஓய்வு வேணும் சார்" என்று சொன்னாராம். இரவுப் பந்தயங்கள் இனி அவருக்கு என்று முடிவாகிவிட்டது. அந்த வேலை இல்லாமல் எனக்கென்று ஒன்றும் கிடையாது.

எங்கே நிற்பது என்றும் நானே சொல்லிக்கொடுத்தேன். அது மண் பாதை. புழுதி அடங்க இடைவேளையில் தண்ணீர் தெளிப்பார்கள். பிறகு காற்று சுத்தமாகிவிடும், படத்துக்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. இரண்டாவது வளைவின் வெளிப்பக்கம், டயர் தடுப்புக்கு முன்னால் முட்டி போட்டு உட்காருங்கள் என்றேன். ஈரம் காயும்வரை வண்டிகள் அங்கேதான் சறுக்கி வெளியே வரும். பழைய ஆட்கள் அந்த நேரம் உள்பக்கம் வந்துவிடுவோம். இதை நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

வேலை அவருடையது என்றாலும் நானும் கேமராவோடு போய் நடு மைதானத்தில் நின்றிருந்தேன். வண்டி சாய்ந்தது என் கண்ணுக்கே தெரிந்தது. கத்தியிருக்கலாம். எஞ்சின் சத்தத்தில் கேட்டிருக்காது.

முதலில் ஓடியவன் நான்தான் என்று எல்லாரும் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். உண்மை. அவருக்கு மூச்சு இருந்தது. "மச்சான்" என்றார். கேமராவிலிருந்து மெமரி கார்டை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு ஆம்புலன்ஸுக்குக் கை காட்டினேன்.

மறுநாள் முதல் பக்கத்தில் வந்த படத்தைப் பார்த்திருப்பீர்கள். சரிந்து வரும் சக்கரம், பறக்கும் சேறு, ஓட்டுகிறவனின் கண். என் பெயர் போட்டிருந்தார்கள். அந்தப் பழக்கத்தை ஆரம்பித்து வைத்தவர் அவர்தானே.

நேற்று தங்கை அந்தப் பேப்பரை என் கையில் திணித்தாள். "நீ கஷ்டப்பட்டு எடுத்ததுன்னு தெரியும்ணா. ஆனா இது என் கண்ணு முன்னாடி வேணாம். அவரு கடைசியா எடுத்தது ஒண்ணு கிடைச்சா மட்டும் குடு, போதும்." கேமரா நொறுங்கிப் போச்சேம்மா என்று தலையைத் தடவிவிட்டு வந்தேன்.

இதையெல்லாம் சொல்லும் எண்ணத்தோடு நான் இங்கே வரவில்லை. விபத்து என்று முடித்துவிட்டீர்கள், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பேன். ஆனால் சற்றுமுன் உங்கள் ஆள் அறிக்கையை வாசித்தார். லென்ஸைத் தவறாகத் தேர்ந்தெடுத்ததே காரணம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அதை அடித்துவிடுங்கள், சார். வேண்டுமானால் நான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் படத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள், ஓட்டுகிறவனின் இமை மயிரை எண்ணலாம். மாப்பிள்ளைக்கு லென்ஸ் விஷயத்தில் நான் துரோகம் செய்யவில்லை.