பத்து நாள் வைத்தியம்

தங்கமீன் வாங்குகிறவர்கள் முதலில் அதன் செதிலைப் பார்க்க வேண்டும், மேடம். உப்புத்தூள் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் அது ஒட்டுண்ணி. மீன் கல்லில் உடம்பைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். இதெல்லாம் என் வீட்டுக்காரர் மோசஸ் சொல்லிக்கொடுத்தது. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவர் என்னிடம் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான்.

அவருக்குக் கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனியில் வேலை. ஷிப்ட் முடிந்து எளாவூர் வீட்டுக்கு வந்தால் சாப்பிடுவார், மீன் தொட்டி முன்னால் உட்காருவார், தூங்கிப்போவார். குடிக்க மாட்டார், அடிக்க மாட்டார். பேசவும் மாட்டார், அவ்வளவுதான். நாலு வயது மகள் ஜெபாவோடு நாள் முழுக்கப் பேசிக் களைத்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பேன். அழுகையாக வரும்.

மீனுக்குப் புள்ளி வந்தபோதுதான் மாறினார். புள்ளிக்குள் இருக்கும் பூச்சியை மருந்து ஒன்றும் செய்யாது; அது உதிர்ந்து தண்ணீரில் நீந்தும்போதுதான் மருந்து அதைக் கொல்லும். அதனால் பத்து நாளாவது விடாமல் பார்க்க வேண்டும். "நீ வால் பக்கம் எண்ணு கிரேஸு, நான் தலப் பக்கம் எண்றேன்" என்பார். தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து எண்ணுவோம். பதினோராம் நாள் மீன் தேறிவிட்டது. அவரும் பழையபடி ஆகிவிட்டார்.

அடுத்த வாரம் ஹயாத் பாஷாவின் மீன் கடைக்குப் போய் ஒரு மீனைக் காட்டினேன். "அது சீக்கு மீனும்மா, வாணாம். வேற நல்லதா எடுத்துக்குனு போ" என்றார். நல்ல மனிதர். அதையே வாங்கிவந்து தொட்டியில் விட்டேன். இப்படி நாலு தடவை. ஐந்தாவது தடவை மீன்கள் தாங்கவில்லை. "இனிமே மீனே வாணாம்" என்று தொட்டியைப் பரணில் ஏற்றிவிட்டார்.

2005 நவம்பர் மழையில் ஜெபாவுக்குக் காய்ச்சல் வந்தது. அவர் மூன்று நாள் லீவு போட்டார். குழந்தைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். அது தானாக வந்த காய்ச்சல், மேடம். அதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு வந்ததெல்லாம் மீன் மருந்தால் வந்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் உங்களிடம் சொன்னது சரிதான். மிச்சமிருந்ததைத் திராட்சை ஜூஸில் விட்டுக் கொடுப்பேன். ஒரு சொட்டுதான். பெற்றவளுக்கு அளவு தெரியாதா? வாந்தியெடுத்தால் நானே துடைத்துவிடுவேன், வேறு யாரையும் தொடவிட்டதில்லை.

போன வெள்ளிக்கிழமை, "கொழந்த தேறிட்டா, நாளைக்கு ஊட்டுக்கு இட்டுக்குனு போலாம்" என்றார் நர்ஸம்மா. மோசஸ் அப்போதே ஷிப்டுக்குக் கிளம்பச் செருப்பைத் தேடினார். அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே விட்டேன். சனிக்கிழமை மத்தியானம் ஜெபா போய்விட்டாள்.

எங்கே காட்டினாலும் கையெழுத்துப் போடுகிறேன். வெளியே ஸ்டேஷன் பெஞ்சில் அவர் இருக்கிறார். உள்ளே கூப்பிடும்வரை என் கையை விடவே இல்லை. "நீயும் இல்லன்னா நான் இன்னா ஆவேன்" என்று அழுகிறார். இன்றைக்கு மட்டும் அவரிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள், மேடம். பிள்ளையைப் பறிகொடுத்த மனிதருக்குப் பக்கத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டாமா?