பூச்சாடிக்குப் பின்னால்

— முடியாதுன்னு ஒரே வார்த்தையில சொன்னா எப்படி? கல்யாண வீட்டுக்காரங்க கிளம்பறதுக்குள்ள அந்தப் பொம்பளை படத்துல இருக்கக் கூடாது. புரியுதா?

— எந்தப் பொம்பளை மேடம்? படத்துல பாதிப் பேர் பொம்பளைங்கதானே.

— விளையாடாதீங்க ஓவியரே. தூணோரமா, சாம்பல் கலர் கோட்டு போட்டுக்கிட்டு, கையைப் பின்னால கட்டிக்கிட்டு நிக்கறாளே, அவ.

— அவங்களா? அவங்க நல்லா வந்திருக்காங்களே. கல்யாணப் பொண்ணை விட லட்சணமா அமைஞ்சு போச்சேன்னு நானே பயந்தேன்.

— அது நான்!

— அப்படியா சங்கதி.

— அப்படியா சங்கதியா? கண்ணு முன்னால தினம் பார்க்கற மூஞ்சி, தெரியாதாக்கும். இந்த ஹோட்டல்ல விருந்து நடத்தறது என் வேலை. நடத்தறவ யார் கண்ணுலயும் படக் கூடாது. விருந்தாளிங்க போட்டோவுல ஸ்டாஃப் விரல் கூட விழக் கூடாதுன்னு ரூல் போட்டதே நான்தான். அதைப் போட்டவளே இப்ப யாரோ வீட்டுச் சுவத்துல காலம் பூரா தொங்கணுமா?

— தொங்கறது படம். நீங்க நிக்கறீங்க.

— பேச்சுக்குக் குறைச்சல் இல்ல. விருந்து நடக்கறப்பவே மூலையில உக்காந்து அதைப் படமா வரைஞ்சு கொடுக்கறதுக்குத்தான் உங்களை வெச்சிருக்கோம். விருந்தாளிங்களை வரைங்க. வேலை செய்யறவங்களை இல்ல.

— விருந்தாளிங்க ஒரு இடத்துல நின்னாத்தானே வரையறதுக்கு? மாமனாரைப் பிடிச்சு மூக்கு வரைக்கும் வந்திருப்பேன், கேக் வெட்டறாங்கன்னு ஓடிடுவாரு. திரும்பி வந்து உக்காரறது வேற யாரோ. கூடத்துல அசையாம நிக்கற ஆள் ஒருத்தர்தான் இருப்பாங்க. முதல்ல அவங்களைக் கரியில வரைஞ்சுக்குவேன். அவங்க உயரத்தை வெச்சுத்தான் மத்தவங்க உயரம், மேசை எங்க, ஜன்னல் எங்க, எல்லாம். அந்த ஆளுக்கு ஆணின்னு பேரு வெச்சிருக்கேன்.

— என்னது?

— ஆணி. ஆணி அடிச்ச மாதிரி நிப்பாங்க இல்ல? அந்த ஆணியிலதான் மொத்தப் படத்தையும் மாட்டறேன்.

— என்னையா ஆணிங்கறீங்க?

— மனசுக்குள்ளதான். வெளிய மேடம்தான்.

— இருங்க, இருங்க. அப்ப இத்தனை வருஷமா ஒவ்வொரு கல்யாணத்துலயும், ஒவ்வொரு பிறந்தநாள் விருந்துலயும் என்னை வரைஞ்சிருக்கீங்களா?

— வரைவேன், மறைச்சிடுவேன். எல்லாம் முடிஞ்சதும் உங்க மேல ஒரு பூச்சாடியைத் தீட்டிடுவேன். தூண் பக்கத்துல ஆள் உயரத்துக்கு ஒண்ணு வைப்பீங்களே, அதை.

— அப்ப நேத்து மட்டும் ஏன் தீட்டல?

— நேத்து ஜாடி எங்க மேடம்?

— அது... எடுக்கச் சொல்லிட்டேன். கல்யாணப் பொண்ணுக்குப் பூ ஆகாது. பக்கத்துல வந்தாலே தும்மல்.

— அதான். பூன்னாலே தும்மற பொண்ணுக்கு ஆள் உயரப் பூச்சாடியை வரைஞ்சு கொடுத்தா, படத்தைப் பார்த்தே தும்மிடாதா?

— அக்கா! இங்கயா இருக்கீங்க? உங்களை வலை போட்டுத் தேடாத குறைதான்.

— செஃப், கிச்சனை விட்டுட்டு இங்க என்ன பண்றே? அடுப்புல நண்டு சூப்பு இருக்கே.

— சூப்பு அது பாட்டுக்குக் கொதிக்குது, மேல சம்பந்திங்க அதை விடக் கொதிக்கறாங்க. காலையில டிஃபன் மேசை கிட்ட படத்தைப் பார்வைக்கு வெச்சோமா? அதுல இருந்து பேச்சு ஒரே பேச்சுதான். இந்த சாம்பல் கோட்டு அம்மா யாருன்னு.

— கேட்டீங்களா? கேட்டீங்களா ஓவியரே? நான் தலையால அடிச்சுக்கிட்டேன்.

— பொண்ணு வீட்டுக்காரங்க நீங்க மாப்பிள்ளைக்கு அத்தைன்னு நினைச்சிட்டாங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நீங்க பொண்ணுக்குப் பெரியம்மான்னு நினைச்சிட்டாங்க. எங்க பக்கம் ஆளே கம்மியா வந்திருக்கு, உங்க பக்கத்துல மட்டும் எப்படி ஒண்ணு கூடுச்சுன்னு ரெண்டு பேரும் படத்துல தலை எண்ணிட்டு இருக்காங்க. ஊர் ரெண்டு பட்டாக் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்னு நானும் ஒரு ஓரமா நின்னு பார்த்தேன்.

— ஸ்டாஃப்னு சொல்ல வேண்டியதுதானே!

— வாயைத் திறந்தேன். அந்தப் பொண்ணு முந்திக்கிச்சு. யாரா இருந்தா என்ன, நேத்து ராத்திரி என்னைச் சாப்பிட்டியான்னு கேட்டது அவங்க ஒருத்தர்தான்னுச்சு. 

— கேக்கறது என் வேலை. கல்யாணப் பொண்ணுங்களை யாரும் சாப்பிட விடமாட்டாங்க, அதனால கேக்கறேன்.

— சரி, நீங்க சாப்பிட்டீங்களா? தூணுக்குப் பின்னால வெச்ச தட்டு வெச்சபடி திரும்பி வந்துச்சு. உப்புல புதைச்சுச் சுட்ட மீன், அக்கா. மீனுக்குக் கண்ணீர் விடத் தெரிஞ்சா விட்டிருக்கும். தலைவரே, நீங்களும் கேளுங்க. அவ்வளவு பெரிய மீனைப் படத்துல எறும்பு மாதிரி போட்டிருக்கீங்களே, நியாயமா?

— மீன் வந்து வெச்ச நிமிஷத்துல எலும்பாயிடுச்சே தலைவரே. நான் என்ன செய்ய?

— அதைச் சொல்லுங்க! ருசி அப்படி.

— செஃப், அந்தத் தட்டை இனிமே வைக்காதே. சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சு. யார் சொல்லி வைக்கறே அதை?

— கேப்டன் சொன்னதுதான். இங்கேர்ந்து வேலையை விட்டுப் போறப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டு, விருந்தன்னிக்குத் தூணுக்குப் பின்னால ஒரு தட்டு போகணும், மறந்துடாதேன்னாரு. மறக்கல.

— அது கேப்டன் தட்டு. பரிமாறறவங்களுக்கெல்லாம் தலைவரா நின்னு பார்த்துக்கறவருக்கு வெளிய போய்ச் சாப்பிட நேரம் இருக்காது, அதுக்காக வெச்சது. இப்ப கேப்டனே கிடையாது. அந்தப் போஸ்ட்டையே எடுத்துட்டாங்க.

— அவர் இருந்தப்பவும் அதைச் சாப்பிட்டது நீங்கதானேக்கா?

— அவர் தொடாம வெச்சுட்டுப் போவாரு. வீணாப் போகுதேன்னு எடுத்துக்குவேன். போ, போய் சூப்பைப் பாரு.

— போறேன். வரப்பவே காதுல விழுந்துச்சு, ஒரு ஆளைப் பூவால மறைக்கறதாம். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்ச கதைதான். அடிப் பிடிச்சா என்னைத் திட்டாதீங்க, சம்பந்திங்களைத் திட்டுங்க.

— நல்ல மனுஷன் உங்க செஃப்.

— வாய்தான். மழைக்காலத்துல ஒருத்தரும் தங்க வரமாட்டாங்க இல்ல, அப்ப ரெண்டு பேருக்குன்னு சமைச்சு எடுத்துட்டு வருவான். ஆனா சாயங்காலமானா அவனுக்கு வீடு இருக்கு, பசங்க இருக்காங்க. அவன் போனதும் இவ்வளவு பெரிய கூடத்துல என் செருப்புச் சத்தம்தான் எனக்குத் துணை.

— உங்க ரூம் எங்க மேடம்?

— லாண்டரிக்குப் பின்னால. ஜன்னலைத் திறந்தா கடல் தெரியணும். மத்தவங்க படுத்த பெட்ஷீட்டுதான் தெரியும், காஞ்சுக்கிட்டு.

— நான் ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கக் கூடாது. கூடத்துல அத்தனை இடம் கிடக்கு. எப்பவும் அந்தத் தூண்கிட்டயே ஏன் நிக்கறீங்க?

— அங்கேர்ந்து எல்லா மேசையும் தெரியும்.

— வாசப்படிகிட்ட நின்னா இன்னும் நல்லாத் தெரியும். நான் அளவெடுக்கறவன், எனக்குத் தெரியாதா?

— உங்களுக்கு எதுக்கு அதெல்லாம்?

— சும்மா கேட்டேன். சொல்ல வேண்டாம்னா விடுங்க.

— அது கேப்டன் நின்ன இடம்.

— ம்.

— என்ன ம்? ஆமா. பிடிச்சிருந்துச்சு. இப்ப சொன்னா என்ன வந்துடப் போகுது? இந்த வயசுல யாருக்குப் பயப்படணும்? அவ்வளவு பிடிச்சிருந்துச்சு. அவர் நடந்து வந்தா எனக்குக் கையில இருக்கறது கீழ விழும். அந்தாளுக்கு ஒண்ணுமே தெரியாது. நான் எப்பத் தலையைத் தூக்கிப் பார்த்தாலும் மேசையைத்தான் பார்த்துக்கிட்டு நிப்பாரு. அஞ்சாம் மேசைக்குத் தண்ணி, ஏழாம் மேசைக்கு பிரெட்னு. என்னை ஒரு தடவை கூடத் திரும்பிப் பார்த்ததில்ல.

— ஒரு தடவை கூடவா?

— ஒரு தடவை கூட. பார்த்திருந்தா நானே போய்ச் சொல்லியிருப்பேன், எனக்கென்ன வெக்கம்? பார்க்காதவர்கிட்ட போய் என்னத்தைச் சொல்ல? அப்புறம் கப்பல்ல வேலை கிடைச்சுதுன்னு போயிட்டாரு. போறப்பவும் தரையைப் பார்த்துக்கிட்டே, வரேன் மேடம்னாரு. வரல.

— கேள்விப்பட்டேன். அங்கயே காலமாயிட்டாருன்னு.

— எனக்கு எப்பச் சொன்னாங்க தெரியுமா? ஒரு விருந்துல, சூப்புக்கும் மெயின் கோர்ஸுக்கும் நடுவுல. காதுல வந்து சொன்னாங்க. நான் மெயின் கோர்ஸை அனுப்பச் சொன்னேன். வேற என்ன செய்யறது? நான் யாரு அவருக்கு, உக்காந்து அழறதுக்கு? அன்னிக்குப் போய் நின்னேன் அந்தத் தூண்கிட்ட. அப்படியே பழகிப் போச்சு.

— அப்படியா சங்கதி.

— அவர் படம் ஒண்ணு கூட இல்ல ஓவியரே. ஸ்டாஃப் படத்துல விழக் கூடாதுன்னு நான் போட்ட ரூல், எனக்கே குழி. மூஞ்சி கொஞ்சம் கொஞ்சமா மறந்துக்கிட்டு வருது. காது எப்படி இருக்கும்னு நேத்து யோசிச்சுப் பார்த்தேன். வரல. சரி, போதும். பேச்சுல வேலை நிக்குது. இப்ப என்னை எதால மறைக்கறது, அதைச் சொல்லுங்க.

— நீங்களே சொல்லுங்க.

— முன் ஹால்ல மாட்டியிருக்கே, ஹோட்டல் திறந்தன்னிக்கு விருந்துல நீங்க வரைஞ்ச படம். அதுல தூணோரமா ஒரு ஜாடி இருக்கு, வெறும் இலை மட்டும் வெச்சது. அதே மாதிரி ஒண்ணு தீட்டிடுங்க. இலைக்கு யாரும் தும்மறதில்ல.

— அந்த ஜாடியா?

— ஏன், அதுக்கு என்ன?

— அதை எப்படித் தீட்டினேன்னு மறந்து போச்சு. வாங்க, அந்தப் படத்தை இறக்கிப் பார்ப்போம்.

— அதை எதுக்கு இறக்கணும்? கண்ணுல பார்த்தாத் தெரியாதா?

— தெரியாது மேடம். ஒரு கை பிடிங்க. மெதுவா. கண்ணாடி இல்ல, வெறும் துணிதான், பயப்படாதீங்க. அப்படியே கடல் பக்கத்து ஜன்னலுக்குக் கொண்டு வாங்க.

— தூசி பாருங்க. நாளைக்கு இந்த ஹாலைக் கூட்டறவங்களைக் கூப்பிட்டுக் கேக்கறேன். இந்தப் படத்துலயும் என்னை இப்படி ஒரு ஜாடிக்குள்ள அடைச்சு வெச்சிருக்கீங்களாக்கும்?

— திரையை நல்லா விலக்குங்க. சாயங்கால வெயில் படத்துக்குப் பின்னாலேர்ந்து விழணும். ம்... இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க. ஆணி மேல பூசறப்ப நான் மெலிசாத்தான் பூசுவேன். வெளிச்சத்துல அடியில இருக்கற கரிக்கோடு தெரியும்.

— தெரியுது. ஐயோ, நிஜமாவே தெரியுது. அப்ப எனக்குத் தலை நரைக்கல. ஒல்லியா வேற இருப்பேன்... இது என்ன, காலு பேன்ட் போட்டிருக்கு? ஷூ. ஓவியரே, இது நான் இல்ல.

— மேல பாருங்க.

— கையில துணி மடிச்சுப் போட்டிருக்கு. இடது கை. இங்க எல்லாரும் வலது கையிலதான் போடுவாங்க. இடது கையில போடறது கேப்டன்...

— ம்.

— ஆனா நான்தானே ஆணி?

— இப்ப நீங்க. அன்னிக்கு நீங்க எங்க மேடம் நின்னீங்க? முதல் விருந்து, வந்த புதுசு. கால்ல சக்கரம் கட்டின மாதிரி கூடம் பூரா ஓடிட்டு இருந்தீங்க. நின்னவர் அவர் ஒருத்தர்தான்.

— முகம் எங்க? முகத்தைக் காணோமே! கோடு மேல கோடா கிறுக்கி வெச்சிருக்கீங்களே. மூக்கு மட்டும் மூணு நாலு இருக்கு, இங்க ஒரு காது, அங்க ஒரு காது. காலு, கை, சட்டைப் பொத்தான் வரைக்கும் ஒழுங்கா வரையத் தெரிஞ்ச மனுஷனுக்கு அவர் முகத்தை வரையத் தெரியலையா? எனக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான். இதையும் இப்படியா கெடுத்து வைப்பீங்க?

— நான் கெடுக்கல மேடம். அழிச்சு அழிச்சுப் போட்டுப் பார்த்தேன். கேப்டன், தயவு செஞ்சு மேசையையே பார்த்துக்கிட்டு நில்லுங்கன்னு கிட்ட போய்க் கெஞ்சினேன். சரி சரின்னாரு. உடம்பு நின்னுச்சு. முகம் நிக்கல.

— ஏன்? அவர் முகத்துக்கு என்ன?

— நீங்க ஓடின பக்கமெல்லாம் அது திரும்பிட்டே இருந்துச்சு.