கம்பம் அசையவே இல்லை

அதிகாலை இரண்டே கால் மணி. ஊரை விட்டு இருபது கிலோமீட்டர் தள்ளி, கல்குவாரிச் சாலை. தெருவிளக்கு கிடையாது. எதிரில் ஒரு வண்டி கிடையாது. ஒரு பழைய வேன் மட்டும் மெதுவாக வருகிறது. போகும்போது அதில் இரண்டு பேர் போனார்கள்... இப்போது ஒருவர்தான் இருக்கிறார். பக்கத்து சீட்டில் ஒரு நீளமான அலுமினியக் கம்பம் சாய்ந்து கிடக்கிறது.

அந்த விளக்கை யாரும் அணைக்க வேண்டாம். பேய்க் கதைக்கு இருட்டு வேண்டும் என்று எவன் சொன்னான்? நெருங்கி உட்காருங்கள், நான் சத்தமாகப் பேசுகிற ஆள் இல்லை. என்ன, போனை நடுவில் வைத்துப் பதிவு செய்கிறாயா? செய், செய். நம் கூட்டம் எதைத்தான் பதிவு செய்யாமல் விட்டிருக்கிறது...

இவ்வளவு நேரம் அடித்துக்கொண்டீர்களே, ‘சுரங்கம்’ எந்த ராத்திரி பிரமாதம் என்று. குவாரி ராத்திரிதான் என்று நாலு பேர் சத்தியம் செய்தீர்கள். அந்தப் பதிவில் ஒரு இருமல்கூட இல்லை, அதை எடுத்தவன் கையில் மோதிரம் போட வேண்டும் என்றீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது சொல்கிறேன். என் நண்பனுடைய ஒன்றுவிட்ட அண்ணன் எடுத்த பதிவு அது.

புதிதாக வந்திருக்கிற அந்தப் பெண்ணுக்காக ஒரு விஷயம். நம் இசைக்குழு ஒரு பாட்டை இரண்டு தடவை ஒரே மாதிரி வாசித்ததில்லை. நாலு நிமிடப் பாட்டு ஒரு ராத்திரி பத்து நிமிடம் போகும், இன்னொரு ராத்திரி அரை மணி போகும். அதனால்தான் ஊர் ஊராகப் போய் ஒவ்வொரு கச்சேரியையும் பதிவு செய்கிற இந்தப் பைத்தியம். குழுவே அனுமதி கொடுத்திருக்கிறது. விற்கக் கூடாது. கேட்டவர்களுக்குப் பிரதி போட்டுக் கொடுக்க வேண்டும். முக்கியமாக, எதையும் வெட்டக் கூடாது. சுரங்கம் என்பது அவர்களுடைய ஒரு பாட்டுக்கு நாம் வைத்த பேர். நடுவில் ஒவ்வொரு வாத்தியமாக அடங்கி, கடைசியில் ஒரே ஒரு கிடார்க் கம்பி மட்டும் மினுக்கும்... அந்த இடத்தில் கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அந்த அமைதிக்காகத்தான் எல்லாரும் அந்தப் பாட்டுக்குச் செத்தார்கள்.

இந்த அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் லிஃப்ட் குழிக்குள் இருந்துவிட்டு, ராத்திரி கச்சேரிக்கு மைக்கோடு போவார். அவருக்கு நாங்கள் வைத்த பேர் ‘உஷ்’. மைக்குக்குப் பக்கத்தில் எவனாவது வாயைத் திறந்தால் போதும், திரும்பிக்கூடப் பார்க்காமல் விரலை உதட்டில் வைப்பார். ஒரு தடவை அமைச்சர் வீட்டுப் பிள்ளையையே அடக்கினாராம்.

குவாரிக் கச்சேரி அன்றைக்கு அவருடைய மச்சான் கூட வந்தான். மனைவியின் தம்பி. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன், முப்பத்து நாலு வயது. பாட்டுக்கும் அவனுக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. “ராத்திரி தனியா ஓட்டிட்டு வருவாரு, தூங்கிடுவாருடா, நீ கூடப் போ” என்று அக்கா சொன்னாள், வந்துவிட்டான். அவன் கையில் எப்போதும் ஒரு வாசம் இருக்கும். லென்ஸ் தேய்க்கிற வெள்ளைக் குழம்பு... நனைந்த சாக்பீஸ் வாசம். சோப்புப் போட்டாலும் போகாது.

போன இடத்தில் மைக் ஸ்டாண்டின் கால் உடைந்துவிட்டது. அண்ணனுக்கு முகம் செத்துவிட்டது. “விடுங்க அத்தான், நான் புடிச்சுக்கறேன்” என்றான் மச்சான். பத்தடிக் கம்பம், உச்சியில் மைக். கையில் பிடித்த கம்பம் என்றால் தெரியுமில்லையா? விரலை மாற்றிப் பிடித்தால்கூடப் பதிவில் கரகர என்று விழும். அதையெல்லாம் சொல்லி, “வாயைத் தெறக்கக் கூடாது, அசையக் கூடாது, என்ன ஆனாலும் சரி” என்று அவனை நிற்க வைத்தார். என்ன ஆனாலும் சரி. அந்த வார்த்தையை அவரே சொன்னார்.

யாரது தோளில் தட்டுவது? தண்ணீரெல்லாம் வேண்டாம். கதை முடியட்டும்.

சுரங்கம் ஆரம்பித்தது. பதினாறாவது நிமிடத்தில் டிரம்ஸ் நின்றது. பதினேழில் கிடார் மட்டும். குவாரிப் பாறையில் பட்டு அந்தக் கம்பிச் சத்தம் திரும்பி வருகிறது... டிங்... டிங்... அப்போது தோளில் ஒரு தட்டு. அண்ணன் திரும்பவில்லை. கண் மெஷினில் இருந்தது. இன்னொரு தட்டு. அவர் திரும்பாமலே விரலை உதட்டில் வைத்தார். அதற்குப் பிறகு தட்டவில்லை.

பதினாலு நிமிடம் கழித்துப் பாட்டு முடிந்தது. கூட்டம் கத்திய கத்தலில் பாறையே அதிர்ந்தது. “பாத்தியா மச்சான்!” என்று திரும்பினார். அவன் தரையில் உட்கார்ந்திருந்தான். முதுகு நேராக. இரண்டு கையாலும் கம்பத்தைக் கட்டிக்கொண்டு, மேடையைப் பார்த்தபடி. கூப்பிட்டார். தொட்டார். கை ஜில்லென்று இருந்தது. மேலே மைக் கொஞ்சம்கூடச் சாயவில்லை.

இருபது நிமிடத்தில் போய்ச் சேர்ந்த ஆஸ்பத்திரியில் டாக்டர் இதயம் என்றார். “ஒரு முக்கால் மணி முன்னால வந்திருக்கக் கூடாதா?” என்று சாதாரணமாகத்தான் கேட்டார். உயிர் போய் அரை மணிக்கு மேல் ஆகிவிட்டது என்றும் சொன்னார். கணக்குப் போட்டுப் பாருங்கள். பாட்டு பாதி ஓடும்போதே போயிருக்கிறான். ஆனால் பதிவில் ஒரு கரகரப்பு இல்லை. பிறகு அந்தக் கம்பத்தை யார் பிடித்திருந்தார்கள்?

போனில் சொல்ல வாய் வராமல், வீட்டில் நேரில் சொல்வதற்காக வேனை எடுத்தார். அதுதான் நான் முதலில் சொன்ன சாலை. அந்தச் சாலையில், அந்த நேரத்தில், அவர் என்ன செய்தார் தெரியுமா? பதிவைப் போட்டுக் கேட்டார்.

முகத்தைச் சுளிக்காதே அம்மா. உன் பக்கத்தில் இருக்கிறவர்களைக் கேள். இவர்களும் கேட்டிருப்பார்கள். மச்சானைப் பிணவறையில் விட்டுவிட்டு வருகிற மனுஷனுக்கு, பதிவு கெட்டுப்போயிருக்குமோ என்று ஒரு மூலையில் அரித்துக்கொண்டே இருந்தது. பாவி. வேறென்ன சொல்ல?

பதினேழாவது நிமிடம். டிங்... டிங்... பிறகு, காதுக்குப் பக்கத்தில்: “அத்தான்.” கொஞ்சம் இடைவெளி. “அத்தான்... மூச்சு வரல.” மொத்தம் ஒன்பது விநாடி. அவ்வளவுதான்.

வீட்டில் மணி அடிப்பதற்கு முன்னாலேயே கதவு திறந்தது. அக்காக்காரி அவர் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். “அவன் எங்க?” சொன்னார். அவள் கீழே உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்தே கேட்டாள்: “உங்க பக்கத்துலதானே நின்னான். ஒரு வார்த்தை கூப்பிடலையா?”

“இல்ல. ஹெட்போன் போட்டிருந்தேன். கூப்பிட்டிருந்தாலும் கேட்டிருக்காது.”

ஏன் தலையைக் குனிந்துகொள்கிறீர்கள்? உங்களுக்குப் புரிந்துவிட்டது, இல்லையா? அவளுக்குத்தான் தெரியாது. மைக்கில் விழுவதுதான் ஹெட்போனில் வரும். அவர் காதில் அது ஒன்றுக்கு இரண்டாகக் கேட்டது. ‘மூச்சு வரல’ என்பது தெளிவாகக் கேட்டது. அந்த நிமிடம் அவர் மனசில் வந்தது ஒன்றே ஒன்று: ஐயோ, கெடுத்துட்டானே.

துக்கம் விசாரிக்க வந்தவர்களில் இரண்டு பேர் வாசலில் நின்று பதிவைப் பற்றிக் கேட்டார்கள். அடுத்த வாரம் அந்த ஒன்பது விநாடியை வெட்டினார். ஒட்டு தெரியாமல் வெட்டினார், கை தேர்ந்த ஆள். நாற்பது பேருக்குப் பிரதி போனது. எல்லாரும் கொண்டாடினார்கள்.

அப்புறம் ஒரு டிராயிங் மாஸ்டர் போன் செய்தார். “பதிவு அபாரம் சார். ஆனா பதினேழாவது நிமிஷத்துல யாரோ ‘அத்தான் அத்தான்’னு கூப்பிடறாங்களே, யாரு அது?” இவர் போனை வைத்துவிட்டுத் தன்னிடம் இருந்ததைப் போட்டுப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. மாஸ்டர் வீட்டுக்கே ஓடிப்போய் அவருடைய பிரதியைக் கேட்டார். அதில் இருந்தது. பிறகு ஒருவர், பிறகு இன்னொருவர்... மாஸ்டர் மறுபடி கூப்பிட்டபோது விஷயம் வேறு. நாலு வருஷத்துக்கு முந்தைய பதிவு, வேறு ஊர், வேறு ஆள் எடுத்தது. மச்சான் அந்த ஊர்ப் பக்கமே போனதில்லை. அதிலும் கம்பி மட்டும் மினுக்குகிற இடத்தில்... அதே குரல்.

யார் சாக்பீஸை நனைத்தது? இங்கே குழந்தைகள்கூட இல்லையே. ஒன்றுமில்லை, விடுங்கள்.

ஒரு வருஷம் போனது. “அவன் கடைசியா கேட்ட பாட்ட நானும் கேக்கணும்” என்றாள் அக்காக்காரி. சாக்குச் சொல்லிப் பார்த்தார். ஒருநாள் அவளே அலமாரியிலிருந்து எடுத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இவர் கதவோரம் நின்று மெஷினில் நிமிடத்தைப் பார்க்கிறார். பதினாறு... பதினேழு... பதினெட்டு. அவள் முகத்தில் ஒரு சலனம் இல்லை. அப்பாடா என்றிருந்தது. மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு, முப்பத்தொரு நிமிடம்.

உஷ்! தட்டாதே என்று சொன்னேனே. முக்கியமான இடம்.

ஒருநாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், சாப்பாட்டு மேஜையில் பதிவு மெஷின். அதில் மைக் செருகியிருக்கிறது. அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நகத்தால் மைக்கைத் தட்டுகிறாள். டொக். டொக். பிறகு மைக்கிற்குப் பக்கத்தில் குனிந்து, ரொம்ப மெதுவாக, “அத்தான்” என்றாள். கேட்டாள். தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.

நான் பை கீழே விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் விரலை எடுத்து உதட்டில் வைத்தாள்.

ஆமாம். நான் என்றுதான் சொன்னேன். நண்பனாவது, ஒன்றுவிட்ட அண்ணனாவது... எத்தனை நாளைக்கு அந்த அண்ணன் முதுகுக்குப் பின்னால் ஒளிவது? அந்த உஷ் நான்தான்.

பதினோரு வருஷம் ஆகிறது. மற்ற எதைப் பேசினாலும் பதில் வரும். கரண்ட் பில், மாத்திரை, பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் பேசுவாள். அந்தப் பேச்சை எடுத்தால் மட்டும் விரல். காலில் விழுந்தும் பார்த்தேன். விரல்தான். மன்னிப்புக் கேட்கக்கூட என்னை விடமாட்டேன் என்கிறாள். அவன் பதினாலு நிமிடம் சும்மா இருந்தானே, நீயும் இரு என்கிறாளோ என்னவோ. நியாயம்தானே. என் தொண்டையிலேயே அழுகிக் கிடக்கிறது அது. யாரிடமாவது ஒரு தடவை முழுசாகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இன்றைக்கு உங்கள் நடுவில் வந்து உட்கார்ந்தேன்.

சரி, கதை முடிந்தது. இப்போது சொல்லுங்கள். இரண்டு தடவை என் தோளைத் தட்டியது யார்?

“யாரும் தட்டலையேண்ணே.”

விளையாடாதே.

“சத்தியமா இல்லண்ணே. நாங்க ஆறு பேரும் உங்களுக்கு எதிர்லதானே உக்காந்திருக்கோம்... நீங்களே எண்ணிப் பாருங்க.”

ஒன்று, இரண்டு... நாலு... ஆறு. ஆமாம். ஆறு பேரும் எதிரில்தான் இருக்கிறீர்கள்.

இரண்டு தடவையும் நான் திரும்பவில்லை. அடப்பாவி. இரண்டாவது தடவை விரலைக்கூடத் தூக்கினேனே... நீங்கள் எல்லாரும் பார்த்தீர்களே.

“அண்ணே...” என்ன அம்மா? “உங்க சட்டையில... அந்தத் தோள்ல... வெள்ளையா என்ன அது? நாலு விரல் மாதிரி இருக்கு. இன்னும் காயக்கூட இல்லண்ணே...”

எழுந்திருக்காதீர்கள். யாரும் பயப்பட வேண்டாம், இது உங்களுக்கில்லை. தம்பி, அந்தப் போனை மட்டும் நிறுத்தாதே. ஓடட்டும். என்ன விழுந்தாலும் எதையும் வெட்டாமல் கொண்டுபோய் அவளிடம் கொடு.

திரும்பிட்டேன் மச்சான். சொல்லுடா... கேக்குது.